தேக்கு மேசையா, தேக்கு ஒட்டிய மேசையா? கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம்

ஃபர்னிச்சர் கடையில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சாப்பாட்டு மேசைகள். ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டால், "அது சாலிட், இது வெனீர் சார்" என்பார்கள். முழு மரம் என்றால் நல்லது, வெனீர் என்றால் ஏமாற்று என்று நாமும் அப்போதே முடிவு கட்டிவிடுவோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைக்காசு அளவாக இருக்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: வெனீருக்கு அடியில் என்ன இருக்கிறது, சாமானின் எந்தப் பாகத்தில் அதைப் போட்டிருக்கிறார்கள். சரியாக உலராத மட்டமான முழு மரத்தைவிட, நல்ல ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர் எவ்வளவோ மேல்.

படி 1: எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முழு மரம் என்பது அறுத்த பலகை. தேக்கு, வேங்கை, வேம்பு, ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் ஷீஷம், கேரளத்து ரப்பர் மரம் எல்லாம் இதில் வரும்.

வெனீர் என்பது மரத்தைச் சீவி எடுக்கும் மெல்லிய ஏடு. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதை ப்ளைவுட் (மர ஏடுகளை அடுக்கி ஒட்டிய பலகை), எம்.டி.எஃப். (மர நாரைப் பிசினோடு அழுத்திய பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளையும் சிறாய்களையும் பிசினோடு அழுத்திய பலகை) ஆகியவற்றில் ஒன்றின் மேல் ஒட்டுவார்கள். ஆக, கை படும் இடத்தில் இருப்பது நிஜ மரமே. (இது நேற்று வந்த தந்திரமும் இல்லை, பழைய எகிப்தில் அரசர்களின் கல்லறைச் சாமான்களிலேயே கருங்காலி ஏடு ஒட்டிய வேலைப்பாடு உண்டு.)

மைக்கா வேறு சங்கதி. மர வரியை அச்சடித்த காகிதத்தைப் பிசினோடு சேர்த்து அழுத்திய தகடு அது. கீறல், சூடு, தண்ணீர் எல்லாவற்றையும் வெனீரைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் மர விலை கொடுத்து அதை வாங்கக்கூடாது. விலைச் சீட்டில் "டீக் ஃபினிஷ்" என்று போட்டிருந்தால், அது நிறத்தைத்தான் சொல்கிறது; தேக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

படி 2: விளிம்பையும் அடியையும் பாருங்கள்

மேசையின் மேல்பக்கத்தை எல்லோரும் தடவிப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. பலகையின் குறுக்கு வெட்டு தெரியும் ஓரத்துக்குப் போங்கள். முழு மரமாக இருந்தால் ஆண்டு வளையங்களின் துண்டுகள் வில் வில்லாகவோ கோடு கோடாகவோ அங்கே தெரியும், மேலே ஓடும் வரியும் அந்த ஓரத்தில் வந்து முடியும். மேலே ஒரு வரி, பக்கத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வரி என்றால் ஓரத்தில் தனியாக ஒரு மெல்லிய பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒட்டு தட்டுப்படும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ப்ளைவுட்டைச் சுற்றி நிஜத் தேக்குச் சட்டம் அடித்திருந்தால் விளிம்புச் சோதனை ஏமாற்றிவிடும். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். மேலே பெரிய கணு தெரிந்தால், நேர் கீழேயும் அதன் அடையாளம் ஏதாவது இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தாலோ காகிதம் ஒட்டியிருந்தாலோ அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அலமாரி என்றால் வேலை இன்னும் சுலபம். தட்டைத் தாங்கும் ஆணிக்காகப் பக்கப் பலகையில் துளைகள் போட்டிருப்பார்கள். செல்போன் டார்ச்சை அடித்து ஒரு துளைக்குள் பாருங்கள். மரத்தூளும் சிறாய்களும் பொடிந்த மாதிரி சொரசொரப்பாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. வழவழப்பாக, பழுப்பு நிற மாவு ஒட்டியிருந்தால் எம்.டி.எஃப். அடுக்கு அடுக்காக, மாறி மாறி வெளிர் நிறமும் அடர் நிறமும் தெரிந்தால் ப்ளைவுட். விற்பனையாளர் சொல்வதை இந்த ஒரு துளையோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

ஒரே கணு, ஒரே வளைவு இரண்டு மூன்று இடங்களில் அச்சு அசலாகத் திரும்ப வந்தால் அது அச்சடித்த தாள். பலகையில் பற்கள் கோத்த மாதிரி வளைந்து நெளிந்த இணைப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். சின்ன ரப்பர் மரத் துண்டுகளை அப்படித்தான் சேர்ப்பார்கள். அது முழு மரம்தான்.

படி 3: கனத்தை நம்பாதீர்கள்

"தூக்கிப் பாருங்க, என்ன கனம்!" என்பது கடைகளின் பழைய வசனம். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ. அதே அளவு எம்.டி.எஃப். 700 முதல் 800 கிலோ வரை வரும். கனத்தை வைத்துப் பார்த்தால் எம்.டி.எஃப்.தான் ஜெயிக்கும்.

படி 4: எந்தப் பாகத்துக்கு எது என்று பிரியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்தப் பணமும் மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

கால்கள், சட்டங்கள், நாற்காலியின் உடம்பு, கட்டிலின் பக்கக் கட்டைகள்: எடையையும் ஆட்டத்தையும் தாங்குகிற இவை முழு மரமாக இருக்கட்டும். திருகு பிடித்து நிற்கவும், உரசி உரசித் தேய்ந்தாலும் இழைத்து மறுபடி பாலிஷ் போடவும் அதுதான் தோது.

மேசைப் பலகை, அலமாரிக் கதவு, கட்டிலின் தலைப்பலகை போன்ற அகலமான பாகங்களுக்கு ப்ளைவுட் மேல் வெனீர் போதும். சில சமயம் அதுவே நல்லது. காற்றின் ஈரத்தை வாங்கும் மரம் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொண்டு, சித்திரையில் தானாக விட்டுக்கொடுப்பது இதனால்தான். நன்றாக உலராத பலகைகளைச் சேர்த்து மூன்றடி அகலத்துக்கு மேசை செய்தால் முதல் கோடையிலேயே பிளவு காட்டும். ப்ளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த ஆட்டம் மிகவும் குறைவு.

அடிப்பாகம் தனிக் கதை. நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம். அலமாரியின் அடிப்பலகை தரையில் பட நின்றால், மாப் தண்ணீர் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். பார்ட்டிகிள் போர்டு அங்கே உப்பும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதனால் கால் வைத்த அலமாரியாகப் பாருங்கள். செய்யச் சொல்லி வாங்குவதாக இருந்தால் அடிப்பலகைக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 (ஐ.எஸ். என்பது இந்தியத் தர நிர்ணயக் குறி) முத்திரை உள்ள மரைன் ப்ளை கேளுங்கள். ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர். வகை ப்ளை கொஞ்சம் ஈரப்பதம் தாங்கும், அவ்வளவுதான். நின்ற தண்ணீருக்கு அது ஆகாது.

வாடகை வீடா? அப்படியென்றால் பார்ட்டிகிள் போர்டு சாமானை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் திருகுத் துளை பொடிந்து தளரும். நாலைந்து வீடு மாறுவதற்குள் அலமாரி ஒருபக்கம் சாய ஆரம்பித்துவிடும்.

படி 5: முழு மரம் என்றாலும் சோதியுங்கள்

மரத்தின் நடுப்பகுதிதான் வைரம் பாய்ந்தது. பட்டையை ஒட்டிய வெளிர் பகுதியில் பூச்சி சுலபமாக ஏறும். தேக்கு என்று சொல்லி வெளிர் பகுதி அதிகம் உள்ள பலகையை அடர் நிறச் சாயத்தால் மறைப்பது உண்டு, ஆகவே பாலிஷ் படாத உள்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் துளைகளும் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தால் மரம் உளுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆப்பிரிக்கத் தேக்கு என்றால் விவரம் கேளுங்கள். அங்கே தோட்டங்களில் வளர்த்த நிஜத் தேக்கும் வருகிறது. இரோக்கோ போன்ற வேறு மரங்களும் அதே பெயரில் விலை போகின்றன. ரப்பர் மரத்தில் பூச்சி ஏறாமல் இருக்க மருந்து ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்பது கட்டாயம். ஏற்றியிருந்தால் வீட்டுக்குள் போட விலைக்கேற்ற நல்ல சரக்கு. பால்கனிக்கு வேண்டாம்.

பட்ஜெட் இடித்தால், கட்டட இடிப்பில் வந்த பழைய தேக்கைப் பழைய மரக்கடையில் வாங்கி, தெரிந்த தச்சரிடம் மேசைச் சட்டத்தையும் கால்களையும் மட்டும் செய்துகொள்ளலாம். பல வருடம் உலர்ந்த மரம், அவ்வளவாக முறுக்காது. ஆணிகளைப் பிடுங்குவதற்குத் தச்சர் முனகுவார், கூலியும் கொஞ்சம் கூடும்.

படி 6: பில்லில் எழுதி வாங்குங்கள்

"டைனிங் டேபிள் 1" என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். கால் என்ன மரம், மேல்பலகை என்ன, வெனீர் என்றால் எதன் மேல் ஒட்டியது, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் தரத் தயங்குகிற கடையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சாமான் வீட்டுக்கு வந்ததும், வண்டியை அனுப்புவதற்கு முன் அந்த டார்ச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கடையில் காட்டிய மாடலும் குடோனிலிருந்து வந்த சரக்கும் ஒன்றுதானா என்று அப்போது தெரிந்துவிடும். வெனீரின் ஓரம் எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் போட்டோ எடுத்துவிட்டு, டெலிவரி சீட்டிலேயே குறித்துக் கையெழுத்துப் போடுங்கள்.