பழைய ஸ்பார்க்ஸ்டேஷனை பிசி மாதிரி நினைத்துத் தொடாதீர்கள்

1990இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஸ்பார்க்ஸ்டேஷன் எஸ்எல்சி என்ற யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷனை (பொறியாளர்கள் பயன்படுத்திய, பிசியைவிடச் சக்திவாய்ந்த மேசைக் கணினி) 4,995 டாலருக்கு அறிவித்தது. அன்றைய வொர்க்ஸ்டேஷன் சந்தையில் அது மலிவு விலை. மதர்போர்டை 17 அங்குல கறுப்பு வெள்ளை மானிட்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உள்ளே ஹார்டு டிஸ்க் கிடையாது, ஃபேன் கிடையாது, கூடுதல் கார்டு செருக எஸ்பஸ் ஸ்லாட்டும் கிடையாது. சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக பூட் ஆகி, அந்த சர்வரின் டிஸ்க்கையே தன்னுடையதாகப் பயன்படுத்திக்கொள்ளும். அதே வருஷம் ஐபிசி, 1991இல் ஐபிஎக்ஸ், 1992இல் ஸ்பார்க்கிளாசிக் என்று வரிசையாக வந்தன. ஐபிசியும் ஐபிஎக்ஸும் சின்னச் சதுரப் பெட்டிகள். ரசிகர்கள் வைத்த பெயர் லஞ்ச்பாக்ஸ்.

இந்தப் பெட்டிகளை இன்று தேடி வாங்கி ஓடவைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இயந்திரத்தின் கோளாறே இல்லை. பிசியில் பழகிய கை பிசி மாதிரியே நடந்துகொள்வதால் வருபவை. எங்கே செலவைக் குறைத்தார்கள், எங்கே பிசியிலிருந்து விலகினார்கள் என்று தெரிந்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

பூட் ஆகவில்லை, செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது

இதுதான் மிகப் பெரிய தவறு. நல்ல நிலையில் இருக்கும் பெட்டிகள் குப்பைக்குப் போவதும் இதனால்தான்.

ஐபிசி, ஐபிஎக்ஸ் போர்டுகளில் எம்கே48டி02 என்ற 24 கால் சிப் ஒன்று சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். மற்ற சிப்புகளைவிட உயரமாக, முதுகில் மூட்டை கட்டினதுபோல இருப்பதால் உடனே கண்ணில் படும். அந்த மேல் பாதிக்குள் லித்தியம் பேட்டரியும் கடிகாரத்துக்கான கிரிஸ்டலும் இருக்கின்றன. கீழே 2 கிலோபைட் நினைவகம். அமைப்புகள் மட்டுமல்ல, கணினியின் அடையாளமே அந்த நினைவகத்தில்தான் இருக்கிறது: நெட்வொர்க்கில் அதைக் காட்டும் ஈதர்நெட் முகவரியும், கணினிக்கே உரிய எண்ணான ஹோஸ்ட் ஐடியும். பிசி நெட்வொர்க் கார்டில் முகவரி கார்டிலேயே இருக்கும், சன்னில் அது கணினிக்கு உரியது. அன்றைக்குப் பல விலையுயர்ந்த மென்பொருள்களின் லைசென்ஸ் அந்த ஹோஸ்ட் ஐடியோடுதான் கட்டப்பட்டிருந்தது.

அந்த பேட்டரியின் ஆயுள் சுமார் பத்து வருஷம். ஆகவே இன்று கைக்கு வரும் எந்தப் பெட்டியிலும் அது தீர்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்ததும் ஐடிபிராம் (அந்த அடையாளப் பகுதி) தகவல் செல்லாது என்று திரையில் ஒரு வரி வரும், ஈதர்நெட் முகவரி முழுவதும் எஃப் என்ற எழுத்தாகவே தெரியும். அது எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி என்பதால் நெட்வொர்க் வேலை செய்யாது. அமைப்புகளும் அழிந்திருப்பதால் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யக் கிளம்பி, பதில் வராமல் காத்திருந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் போர்டு போய்விட்டது என்று நினைக்கிறார். போர்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

மாற்று சிப் வாங்கும்போது மேலே அச்சிட்ட நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். பழைய சரக்கு என்றால் அலமாரியில் இருந்தபடியே பேட்டரி தீர்ந்திருக்கும். அல்லது இருக்கிற சிப்பின் ஓரத்தை மெதுவாக அரத்தால் தேய்த்து, பேட்டரிக்குப் போகும் இணைப்புகளை வெளியே எடுத்து, சிஆர்2032 பேட்டரி ஒன்றைக் கம்பி வைத்து இணைக்கலாம். இதில் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: உள்ளே இருக்கும் பழைய பேட்டரியின் தொடர்பை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் அது புதிய பேட்டரியையும் சேர்த்து இழுத்துவிடும்.

அப்புறம் அடையாளத்தைத் திரும்ப எழுத வேண்டும். அது மொத்தம் 16 பைட். முதல் பைட் வடிவ எண், இரண்டாவது கணினி வகை, அடுத்த ஆறு ஈதர்நெட் முகவரி, நான்கு தயாரிப்புத் தேதி, மூன்று வரிசை எண், கடைசி பைட் சரிபார்ப்புக்கு. முதல் 15 பைட்டையும் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் வருவது அந்தக் கடைசி பைட். வகை எண்ணை ஐபிசிக்கு பதினாறடிமானத்தில் 52 என்றும் ஐபிஎக்ஸுக்கு 57 என்றும் கொடுக்க வேண்டும். வழிகாட்டிகளில் இருக்கும் மாதிரி முகவரியை அப்படியே இரண்டு கணினிகளில் போட்டு, ஒரே நெட்வொர்க்கில் இணைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். கடைசி மூன்று பைட்டையாவது மாற்றிப் போடுங்கள். எல்லாம் முடிந்தும் நேரம் நகராமல் நின்றால் பயப்பட வேண்டாம். புதிய சிப்பில் கடிகாரம் நிறுத்திய நிலையிலேயே வரும், அதற்கான பிட்டை மாற்றி ஓடவைக்க வேண்டும்.

டிஸ்க்கை ஐடி 0 என்று வைப்பது

டிஸ்க், சிடி டிரைவ்களை ஒரே கேபிளில் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐடி என்ற எண் கொடுக்கும் முறை ஸ்கஸி. பிசியில் அதைப் பழகியவர்கள் முதல் டிஸ்க்குக்கு 0 கொடுப்பார்கள். இந்தத் தலைமுறை சன் கணினிகளில் முதல் டிஸ்க் ஐடி 3. சன்னின் பழைய இயங்குதளமான சன்ஓஎஸ் 4 அதைத்தான் எஸ்டி0 என்று அழைக்கும். ஐடி 0 உள்ள டிஸ்க் எஸ்டி3 ஆகிவிடும். 1உம் 2உம் மட்டும் அதே எண்ணில் இருக்கும். விசித்திரமாகத் தோன்றினாலும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். சிடி டிரைவுக்கு ஐடி 6.

சிடி டிரைவிலும் ஒரு பொறி உண்டு. பிசி டிரைவ்கள் 2048 பைட் பிளாக்காகப் படிக்கும், சன் பிராம் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் நிரல்) 512 பைட் பிளாக் எதிர்பார்க்கும். 512க்கு மாற்றும் ஜம்பர் இல்லாத டிரைவ் கணினியின் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பூட் ஆகாது. இப்போது பலர் எஸ்டி கார்டில் ஓடும் ஸ்கஸி எமுலேட்டர் (ஸ்கஸி டிஸ்க் போல நடிக்கும் கருவி) போடுகிறார்கள். நல்ல முடிவு. முப்பது வருஷப் பழைய டிஸ்க்கை நம்புவதைவிட மேல். அதிலும் ஐடியையும் பிளாக் அளவையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரிய கார்டு இருக்கிறதே என்று முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாக்குவது அடுத்த தவறு. பழைய பிராம் டிஸ்க்கைப் படிக்கப் பயன்படுத்தும் குறுகிய ஸ்கஸி கட்டளையில் முகவரிக்கு 21 பிட்தான் இடம். ஒரு பிளாக் 512 பைட் என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக 1 ஜிகாபைட் வரும். அதைத் தாண்டி கர்னல் (இயங்குதளத்தின் மையக் கோப்பு) போய் உட்கார்ந்தால் பிராம் அதை எட்டவே முடியாது. முதல் நாள் நன்றாக பூட் ஆகி, கர்னலை மாற்றிய பிறகு ஆகாமல் போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கர்னல் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைச் சின்னதாக, டிஸ்க்கின் தொடக்கத்திலேயே வையுங்கள்.

ஸ்கஸி தொடரின் இரண்டு முனையிலும் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் கோளாறு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஓடும்போது கீபோர்டைப் பிடுங்குவது

சன் கீபோர்டு 8 பின் மினி டின் இணைப்பில் வரும். மவுஸ் கீபோர்டிலேயே செருகப்படும். கணினி ஓடும்போது கீபோர்டைப் பிடுங்கினால் அதை பிரேக் சைகையாக எடுத்துக்கொண்டு, இயங்குதளத்தை அப்படியே நிறுத்தி பிராம் திரைக்குப் போய்விடும். சர்வராக ஓடும் பெட்டியில் இது எவ்வளவு பெரிய விபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடும்போது திரும்பச் செருகுவதும் வேண்டாம். பல சன் போர்டுகளில் கீபோர்டுக்கான மின்சாரம் சின்ன ஃபியூஸ் ஒன்றின் வழியாகத்தான் போகிறது. அது போனால் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றைத் தேடி அலைவோம்.

கீபோர்டே கிடைக்கவில்லையா? அது ஒரு தடையே இல்லை. கீபோர்டு இல்லாமல் பவர் போட்டால் கன்சோல் (செய்திகள் வரும், கட்டளை தரும் இடம்) தானாக சீரியல் ஏ போர்ட்டுக்குப் போய்விடும். 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். லேப்டாப்பில் டெர்மினல் மென்பொருள் திறந்தால் போதும். என்னைக் கேட்டால் புதிதாக வந்த பெட்டியை முதலில் இப்படித்தான் பார்க்க வேண்டும். திரையில் வராத செய்திகளும் இங்கே வரும். லஞ்ச்பாக்ஸில் சீரியல் போர்ட்டும் கீபோர்டு மாதிரியே மினி டின் வடிவம்தான், அதனால் மேலே இருக்கும் படக்குறியைப் பார்த்துச் செருகுங்கள்.

ஒரே வடிவம் என்றால் ஒரே இணைப்பு என்று நம்புவது

வீடியோவுக்கு இருக்கும் 13டபிள்யூ3 இணைப்பில் மூன்று தடித்த கோஆக்ஸ் முனைகளும் பத்து சாதாரண பின்களும் இருக்கும். சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளிலும் இதே இணைப்புதான், ஆனால் அந்தப் பத்து பின்களின் வயரிங் வேறு. அடாப்டர் வாங்கும்போது சன்னுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். சரியான அடாப்டர் இருந்தும் படம் வராமல் போகலாம், ஏனென்றால் சன் அனுப்புவது கிடைமட்டம், செங்குத்து இரண்டையும் ஒன்றாகக் கலந்த சிங்க் (படத்தைத் திரையோடு ஒத்திசைக்கும்) சிக்னல், 1152×900 என்ற அளவு. எல்லா எல்சிடியும் இதை ஏற்பதில்லை.

ஐபிசி, ஐபிஎக்ஸின் பின்னால் இருக்கும் 15 பின் இணைப்பு பிசியின் ஜாய்ஸ்டிக் போர்ட் மாதிரித் தெரியும். அது ஏயுஐ, ஈதர்நெட்டுக்கானது. அதில் 12 வோல்ட் வருகிறது, கண்டதைச் செருகாதீர்கள். அதற்கென்று ஒரு டிரான்சீவர் வாங்கி மாட்டினால் சாதாரண நெட்வொர்க் கேபிள் போடலாம். வேகம் 10 மெகாபிட். புதிய சுவிட்ச்களில் சில அந்த வேகத்துக்கு இறங்காது, அதனால் பழைய சுவிட்ச் ஒன்றை நடுவில் வைக்க வேண்டியிருக்கும்.

மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்குவது

ஸ்பார்க்கிளாசிக்கும் ஸ்பார்க்ஸ்டேஷன் எல்எக்ஸும் ஒரே 50 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் சிப்தான். ஆனால் கிளாசிக்கின் விலையைக் குறைக்க கிராஃபிக்ஸ் முடுக்கியை எடுத்துவிட்டார்கள். 16 பிட் ஆடியோவும் ஐஎஸ்டிஎன்னும் (டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) கூட இல்லை. நிரலைக் கம்பைல் செய்யும்போது (இயந்திர மொழிக்கு மாற்றும்போது) இரண்டும் சமம். விண்டோவை இழுத்து நகர்த்தினால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். கிளாசிக் வைத்திருப்பவர்கள் எஸ்பஸ் ஜிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் அந்தக் குறை தீரும், அதற்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது.

மெமரியில் ஒரே ஒரு விஷயம்: பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) உள்ள சிம், அதாவது மெமரி அட்டை, மட்டும் வாங்குங்கள். ஐபிசியில் 30 பின் சிம்மை நான்கு நான்காகப் போட வேண்டும், அதிகபட்சம் 48 மெகாபைட். ஐபிஎக்ஸுக்கு 72 பின், 64 மெகாபைட்.

இயங்குதளம் தேர்ந்தெடுக்கும்போது புதியதுதான் நல்லது என்று போகாதீர்கள். ஐபிசி, ஐபிஎக்ஸ் வகையை, சன்ஓஎஸ் 4க்குப் பின் வந்த சன் இயங்குதளமான சோலாரிஸின் 8ஆம் பதிப்பு கைவிட்டுவிட்டது, 7 வரைதான். இவ்வளவு குறைந்த மெமரியில் அதுவும் திணறும், சன்ஓஎஸ் 4.1 பறக்கும். கிளாசிக்குக்கு சோலாரிஸ் 9 வரை உண்டு. இன்றைய மென்பொருள் வேண்டுமென்றால் நெட்பிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் வகை இயங்குதளம் இருக்கிறது. நீங்களே கம்பைல் செய்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபிசியும் ஐபிஎக்ஸும் ஸ்பார்க் பிராசஸரின் வி7 தலைமுறை, அவற்றில் முழு எண்ணைப் பெருக்கவும் வகுக்கவும் நேரடிக் கட்டளைகள் இல்லை. கிளாசிக் வி8. கிளாசிக்குக்காக வி8 என்று கம்பைல் செய்த நிரலை ஐபிஎக்ஸில் போட்டால், முதல் பெருக்கல் கட்டளை வந்ததும் நின்றுவிடலாம்.