பாத்ரூமில மலக்குழி நாத்தம் வருதோ? முதல் அரை வாளி தண்ணி ஊத்திப் பாருங்கோ

சித்திரை வெயிலுக்க ரெண்டு கிழமை கொழும்பில நிண்டிட்டு வந்து பிளட் கதவைத் திறந்தா, கூழ்முட்டை உடைச்ச மாதிரி ஒரு நாத்தம், நான் எலிதான் செத்துக் கிடக்கெண்டு கட்டிலுக்குக் கீழ எல்லாம் தேடிக் களைச்சுப்போனன். கடைசியில பாத்தா விசயம் பாவிக்காத பாத்ரூமில. நிலத்தில தண்ணி போற ஓட்டைக்குக் கீழ ஒரு வளைவு இருக்கு, அதில எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிண்டுதான் மலக்குழிக் காஸ் மேல வராமல் மறிக்கிறது. வெயிலுக்கு அது வத்தினா வழி திறந்த மாதிரித்தான். அரை வாளி தண்ணி ஊத்தி, மேல ரெண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கோ, எண்ணெய் மிதக்கிறதால கெதியா வத்தாது. கொமட்டையும் ஒருக்கா பிளஷ் பண்ணுங்கோ.

ஊத்தியும் நாத்தம் போகேல்லையெண்டா கைகழுவுற சிங்குக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ, சில இடத்தில நெளி பைப்பை வளைவே இல்லாமல் நேர சுவருக்க செருகி விட்டிருப்பாங்கள் (எங்கட வீட்டிலயும் அதே கூத்து), அதை வளைச்சுக் கட்டி, செருகின இடத்து இடைவெளியையும் அடைக்கவேணும். கொமட் அடி ஆடினாலோ, மலக்குழிக் காஸ் வெளியேறுற மொட்டைமாடிக் காத்துப் பைப்பில குருவி கூடு கட்டினாலோ பிளம்பரைத்தான் கூப்பிடவேணும்.

நாத்தம் கடுமையா இருந்தா நெருப்புக்குச்சி தட்டாதேங்கோ, அதில நெருப்புப் பிடிக்கிற மீதேன் காஸும் இருக்கும். ஜன்னலைத் திறந்துபோட்டு வெளியில வாங்கோ. ஊதுபத்தி கொளுத்துற வேலையும் வேண்டாம்.