லாக்-இன் கலையாமல் பிரவுசரைச் சுத்தம் செய்ய

பிரவுசர் வரலாற்றை அழித்த கையோடு ஒவ்வொரு தளமும் பாஸ்வேர்டு கேட்டு நச்சரிக்கிறதா? வரலாற்றோடு சேர்ந்து, தளங்கள் உங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு தகவல் துணுக்குகளான குக்கீகளும் போயிருக்கும். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதைத் தளங்கள் குக்கீயை வைத்துத்தான் கண்டுகொள்கின்றன.

கணினியில் குரோமைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் பார்வையிட்ட பக்கங்களின் வரலாறு, தற்காலிகமாகச் சேமித்த படங்களும் கோப்புகளும் ஆகிய இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். குக்கீகளுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். சேமித்த பாஸ்வேர்டுகளுக்குத் தனி வரி இருந்தால், அந்தப் பக்கமே போக வேண்டாம். குக்கீ போனால் மறுபடி லாக்-இன் செய்துகொள்ளலாம், பாஸ்வேர்டே போனால் திண்டாட்டம்தான். கடந்த எவ்வளவு காலத்துக்கு உரியதை அழிக்க வேண்டும் என்பதையும் மேலே தேர்ந்தெடுங்கள்.

கூகுள் கணக்கோடு வரலாறும் ஒத்திசைந்தால், இங்கே அழிக்கும் வரலாறு அதே கணக்குள்ள கைபேசியிலும் அழியும்.

குக்கீகளையும் ஒழிக்கத் துடிப்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் நல்லது. பிரவுசரை மூடும்போது குக்கீகளை அழிக்குமாறு அமைப்புகளில் சொல்லிவிட்டு, விதிவிலக்குப் பட்டியலில் மின்னஞ்சல் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அது மட்டும் தப்பிவிடும். வங்கித் தளத்தை அங்கே சேர்க்காதீர்கள்.