புதிய வினாடி வினா நிகழ்ச்சிக்கு விண்ணப்பிக்கும் முன் அதன் விதிகளைப் படிக்கும் முறை

ஒரு தொலைக்காட்சி புதிய வினாடி வினா நிகழ்ச்சியை அறிவித்த உடனே, கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பொது அறிவுப் புத்தகத்தைத்தான் தேடுகிறார்கள். அதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். இன்னும் ஒளிபரப்பாகாத நிகழ்ச்சியில் என்ன கேட்பார்கள் என்பதை யாராலும் கணிக்க முடியாது. ஆனால் ஆட்டம் எப்படி நடக்கும் என்பதைப் போட்டியாளர்களுக்கான அழைப்பு, முன்னோட்டக் காட்சி, விதிமுறைத் தாள் ஆகியவற்றைக் கொண்டே பெருமளவு அறிந்துகொள்ளலாம்.

விதிகளைக் கூர்ந்து பார்ப்பதால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 1984இல் அமெரிக்காவின் ‘ப்ரஸ் யுவர் லக்’ நிகழ்ச்சியில் ஆடிய மைக்கேல் லார்சன் ஒரு நல்ல சான்று. அங்கே பரிசுப் பலகையில் ஓடிய விளக்குகள் தற்செயலாக ஓடவில்லை, ஐந்தே வரிசை முறைகளில் மாறி மாறி ஓடுகின்றன என்பதை வீட்டிலிருந்தபடி ஒளிப்பதிவு செய்து பார்த்துக் கண்டுபிடித்தவர், அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போய் 1,10,237 டாலர் மதிப்புள்ள பரிசை வென்றார். அவர் எந்த விதியையும் மீறவில்லை என்பதால் நிறுவனம் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று அப்படியொரு ஓட்டை கிடைப்பது அரிது; அந்தக் கண் மட்டும் இன்றும் தேவை.

முதலில், அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி உண்மையிலேயே புதியதுதானா என்று பாருங்கள். ‘புத்தம் புதிய’ என்ற விளம்பரத்துடன் வருபவற்றில் பல, வேறொரு நாட்டில் ஏற்கெனவே ஓடிய வடிவத்தை உரிமம் பெற்று எடுப்பவை. 1998இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ பல நாடுகளுக்குப் போனது அப்படித்தான். மூல நிகழ்ச்சி தெரிந்துவிட்டால் அதன் சில பகுதிகளைப் பாருங்கள். விடைகளுக்காக அல்ல, எந்த இடத்தில் போட்டியாளர்கள் வெளியேறுகிறார்கள் என்பதற்காக.

அடுத்து, தவறான விடைக்கு என்ன இழப்பு என்பதைக் கணக்கிட வேண்டும். இதில்தான் அதிக நேரம் செலவிடத் தகும். கையில் 1,00,000 இருக்கிறது, அடுத்த விடை சரியானால் 2,00,000 ஆகும், தவறினால் ஏற்கெனவே கடந்துவிட்ட பாதுகாப்பு நிலையான 20,000க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,00,000 லாபத்துக்காக 80,000ஐப் பணயம் வைக்கிறீர்கள். பணயமான 80ஐ, பணயமும் லாபமும் சேர்ந்த 180ஆல் வகுத்தால் வரும் 44 சதவீதம்தான் எல்லைக்கோடு: உங்கள் விடை சரியாக இருக்கும் வாய்ப்பு அதற்கு மேல் இருந்தால் ஆடலாம், கீழே இருந்தால் நிறுத்திவிடலாம். நான்கு விடைகளில் இரண்டை நீக்கும் லைஃப்லைன் மிச்சமிருந்தால், ஒன்றுமே தெரியாமல் ஊகித்தாலும் 50 சதவீத வாய்ப்பு இருப்பதால், கணக்கு ஆடத்தான் சொல்லும். ஆனால் அந்தக் கணக்கு பல முறை ஆடுகிறவருக்கான சராசரி, நீங்களோ ஒரே ஒரு முறை அந்த நாற்காலியில் அமரப் போகிறவர். எனவே எந்தத் தொகையை இழந்தால் உங்களால் தாங்க முடியாது என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அதை முடிவு செய்ய முயல வேண்டாம்.

எல்லா வடிவங்களிலும் சரியான விடை மட்டும் போதுமானதல்ல. பிபிசியின் ‘பாயிண்ட்லெஸ்’ நிகழ்ச்சியில், முன்கூட்டியே 100 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டு, ஒரு விடையை எத்தனை பேர் சொன்னார்களோ அத்தனை புள்ளிகள் தருகிறார்கள். குறைந்த புள்ளிதான் வெற்றி, தவறான விடைக்கோ 100 புள்ளிகள். ஆப்பிரிக்க நாடு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் எகிப்து சரிதான், ஆனால் பலரும் சொல்லியிருக்கக்கூடியது. காபோன் என்றால் பிழைக்கலாம். இத்தகைய நிகழ்ச்சிக்கு, ஒவ்வொரு துறையிலும் அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களுக்குச் சந்தேகமே இல்லாத சில பெயர்களைச் சேர்த்து வைப்பதுதான் தயாரிப்பு.

கடிகாரத்தையும் கவனியுங்கள். நெதர்லாந்தில் உருவாகி 2024இல் அமெரிக்காவுக்கு வந்த ‘தி ஃப்ளோர்’ நிகழ்ச்சியில் இருவர், திரையில் வரும் படங்களில் இருப்பதன் பெயரைச் சொல்லி நேருக்கு நேர் மோதும்போது ஒவ்வொருவருக்கும் 45 வினாடிகள். ‘பாஸ்’ சொன்னால் மூன்று வினாடிகள் போய்விடும். நான்கு வினாடிகள் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்பவர் ஏழு வினாடிகளை இழக்கிறார். ஆகவே படத்தைப் பார்த்ததும் பெயர் வாய்க்கு வரவில்லையென்றால் உடனே விட்டுவிடப் பழக வேண்டும். மூன்று போட்டியாளர்கள் ஆடும் அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’யில் சிக்கல் வேறு: தொகுப்பாளர் கேள்வியைப் படித்து முடித்து விளக்கு எரிந்த பிறகுதான் பஸ்ஸர் வேலை செய்யும், முந்திக்கொண்டு அழுத்தினால் கால் வினாடி முடங்கிவிடும். மூவருக்குமே விடை தெரிந்திருந்தால் கட்டைவிரல்தான் தீர்மானிக்கும். நின்றபடி, பேனாவின் பொத்தானைப் பஸ்ஸராகக் கொண்டு, தொகுப்பாளரின் கடைசி அசை முடியும் கணத்தில் அழுத்திப் பழகுங்கள்.

சக போட்டியாளர்களே வாக்களித்து வெளியேற்றும் ‘தி வீக்கஸ்ட் லிங்க்’ போன்ற வடிவங்களில், கடைசி இருவர் மட்டுமே பரிசுக்கு மோதுவதால், திறமையாளரை இறுதிக்கு முன் அனுப்பிவிடும் ஆசை மற்றவர்களுக்கு இயல்பாகவே வரும். நடுச்சுற்றுகளில் மிக அதிகமாக மின்ன வேண்டாம் என்பதே என் கருத்து. ‘தி 1% கிளப்’ போலத் தர்க்கத்தை மட்டும் சோதிக்கும் நிகழ்ச்சி என்றால் தேதிகளையும் தலைநகரங்களையும் படிப்பதில் பயனில்லை. புதிர்களை 30 வினாடி அளவு வைத்து விடுவித்துப் பாருங்கள்.

தேர்வுக்கு அழைப்பு வந்தால், ஒப்பந்தத்தைக் கையொப்பமிடும் முன் முழுமையாகப் படியுங்கள். பரிசு எப்போது தரப்படும், ஒளிபரப்பு ரத்தானாலும் தரப்படுமா, வரி யார் பொறுப்பு, எவ்வளவு காலம் முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பவை அதில் இருக்க வேண்டும். நிகழ்ச்சியில் பணிபுரியும் உறவினர் யாரேனும் இருந்தால் முதல் படிவத்திலேயே சொல்லிவிடுவது நல்லது; 1950களில் ‘ட்வென்டி ஒன்’ நிகழ்ச்சியில் போட்டியாளருக்கு விடைகளை முன்பே கொடுத்தது அம்பலமான பின், அமெரிக்காவில் 1960இல் அதைத் தடுக்கச் சட்டமே இயற்றப்பட்டது. தேர்வுக்கட்டணம், பதிவுக்கட்டணம் என்று யாராவது தொலைபேசியில் பணம் கேட்டால், அந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்காமல், தொலைக்காட்சியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள தொடர்பு வழியாக விசாரியுங்கள்.