சமாராவில் மார்மன் ஊழியம்: பதிவுச் சீட்டிலிருந்து ஞானஸ்நானத் தொட்டி வரை

ரஷ்ய நகரமான சமாரா போன்ற ஊரில் ஊழியம் செய்யும் மார்மன் மிஷனரியின் உடம்போடு மூன்று தாள்கள் எப்போதும் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட், எல்லையில் கொடுத்த மைக்ரேஷன் கார்டு, குடியிருக்கும் முகவரியில் பதிவு செய்ததற்கான துண்டுச் சீட்டு. ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள். மெட்ரோ வாசலில் போலீஸ்காரர் ஆவணம் கேட்டால் அசலைக் காட்டி இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடலாம். அசல் வீட்டில் இருந்தால் அன்றைய மாலை ஸ்டேஷனில் போகும். ஊருக்கு வந்த ஏழு வேலை நாளுக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். அதை நீங்களே செய்துகொள்ள முடியாது. வீட்டுக்காரரோ சபையோ, உங்களை ஏற்றுக்கொண்ட தரப்புதான் அறிவிப்புக் கொடுக்கும். ஊழியர்களுக்கு இடமாற்றம் ஆறு வாரக் கணக்கில் வரும். ஊர் மாறினால் பதிவும் மாற வேண்டும். தாளில் ஒரு முகவரியும் தூங்குவது வேறு முகவரியிலுமாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. 2016 ஆகஸ்டில் சமாராவிலிருந்து ஆறு பேர் வெளியேற்றப்பட்டது பதிவுச் சிக்கலில்தான். ஆகவே புது வீட்டுக்குள் பெட்டியை இறக்கிய அன்றே பதிவைப் பற்றிக் கேளுங்கள்.

மார்மன் சபை என்று பலரும் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு ரஷ்யக் குடியரசில் 1991-இல் அங்கீகாரம் கிடைத்தது. அதன்பின் கால் நூற்றாண்டு ஊழியத்தின் பாதி வேலை மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டுவதும் பஸ் நிறுத்தத்தில் பேச்சுக் கொடுப்பதுமாக இருந்தது. 2016 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த யாரவாயா சட்டத்தோடு அது முடிந்தது. பிறர் குடியிருக்கும் வீட்டுக்குள் மிஷனரி வேலை கூடாது; மதத்தைப் பரப்புகிறவர் கையில் சபையின் எழுத்து மூல அதிகாரச் சான்று வேண்டும்; கொடுக்கும் புத்தகத்திலும் துண்டுத்தாளிலும் சபையின் முழுப் பதிவுப் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். மீறும் வெளிநாட்டவருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம், கூடவே நாடு கடத்தலும் வரலாம். சபை தன் ஊழியர்களை ‘வலந்த்யோர்’, அதாவது தன்னார்வலர் என்று அழைக்கத் தொடங்கியது. 2022-இல் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வேறு நாடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஆனாலும் இங்கே சொல்லும் பழக்கங்கள் ரஷ்யன் பேசும் எந்த நகரத்துக்கும் பொருந்தும். அந்தந்த நாட்டுச் சட்டத்தை மட்டும் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்குள் நின்று வேலை செய்வதற்கு ஒரே ஒழுங்கு போதும்: மதப் பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள், பாடத்தைச் சபைக் கட்டடத்தில் வையுங்கள். மார்ஷ்ருத்கா என்ற மினி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் உச்சரிப்பைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தால் ஊரைச் சொல்லுங்கள். ஆராதனைக்கு வாருங்கள் என்று அந்தப் பேச்சை இழுக்காதீர்கள். இலவச ஆங்கில வகுப்பையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2019 மார்ச்சில் நவரசிஸ்க் நகரில் பிடிபட்ட ஊழியர் இருவர்மீது உரிமமின்றி ஆங்கிலம் கற்பித்ததாகத்தான் குற்றம் சாட்டினார்கள்.

வீடும் நாளும்

ஊழியர்கள் இருவர் இருவராகவே வாழ்கிறார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம், சம்பளம் கிடையாது. ஆணை ‘மூப்பர்’ என்ற பொருளில் ஸ்தரேய்ஷினா என்றும் பெண்ணை ஸிஸ்த்ரா என்றும் அழைப்பார்கள். காலை 6:30-க்கு எழுந்து உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. 8 மணிக்குத் தனி வேதப்படிப்பு, 9 மணிக்கு இருவரும் சேர்ந்து, அதன்பின் மொழி. இரவு 9 மணிக்கு வீடு, 10:30-க்கு விளக்கணைப்பு. நெடுங்காலம் இதுதான் அட்டவணை. 2017-க்குப் பிறகு ஊருக்குத் தக்கபடி கொஞ்சம் நகர்த்திக்கொள்ள அனுமதி உண்டு. திங்கட்கிழமை துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத. 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசலாம். அதற்கு முன் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம், அவ்வளவுதான்.

வாடகை வீடு பெரும்பாலும் சோவியத் தலைவர் குருஷ்சோவ் காலத்து ஐந்து மாடிக் கட்டடத்தில் அமையும். லிஃப்ட் இருக்காது. சூடேற்றுவது உங்கள் கையில் இல்லை. சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே போன பிறகுதான் நகரமே ரேடியேட்டரைத் திறக்கும். அந்த இடைப்பட்ட வாரத்தில் அறை நடுக்கும். திறந்த பிறகு அனல் தாங்காது, காற்று வறண்டு மூக்கில் ரத்தம் வரும். ஜன்னலின் மேல்மூலையில் உள்ள சிறு கதவைப் படுக்கும் முன் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், ரேடியேட்டர்மேல் ஈரத்துண்டு போடுங்கள். கோடையில் குழாய்ப் பராமரிப்புக்காக வெந்நீரை இரண்டு வாரம் வரை நிறுத்துவார்கள். தேதி வாசல் கதவில் ஒட்டியிருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஞானஸ்நானம் வரை அது கணக்கில் வரும்.

சமையலுக்கு கிரேச்கா என்ற பக்வீட் தானியம் கைகொடுக்கும். ஒரு டம்ளர் கிரேச்காவைக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீர், உப்பு சேர்த்து, கொதி வந்ததும் தணலைக் குறைத்து மூடி 15 நிமிடம். கிளறக் கூடாது, கிளறினால் களியாகிவிடும். அடுப்பை அணைத்து, வெண்ணெய் ஒரு துண்டு போட்டு இன்னும் பத்து நிமிடம் மூடி வைத்தால் மணிமணியாக நிற்கும். குழாய்த் தண்ணீரை வடிகட்டியோ காய்ச்சியோதான் குடிக்க வேண்டும்.

பனிக்காலத்துக்குப் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். கம்பளிக் காலுறையும் கொஞ்சம் காற்றும் உள்ளே இருக்க இடம் வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். நனைந்த பூட்ஸை ரேடியேட்டர்மேல் வைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாளை உள்ளே திணித்துச் சுவரோரம் வையுங்கள், சாலை உப்பை அன்றிரவே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும், கோட்டுப் பையில் வைத்தால் குளிரில் அணைந்துவிடும். மார்ச் மாதத்தில் கட்டடச் சுவரை ஒட்டி நடக்காதீர்கள், கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டியாக விழும். தலையில் தொப்பி இல்லாமல் போனால் முன்பின் தெரியாத பாட்டிமார் தெருவில் நிறுத்தித் திட்டுவார்கள். கோபப்பட வேண்டாம், அந்த ஊரில் அதுதான் அக்கறை.

மொழி

பயிற்சி மையத்தில் படித்த சில வாரத்து ரஷ்யன் ஜெபிக்கவும் சாட்சி சொல்லவும் போதும், கடைக்காரரிடம் பேசப் போதாது. ஆறு வேற்றுமைகள் தமிழருக்குப் பயமில்லை, நமக்கு எட்டு உண்டு. கஷ்டம் சொல்லழுத்தத்தில். அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும்: பின்னசையை அழுத்தி ‘பிஸாத்’ என்றால் எழுதுவது, முன்னசையை அழுத்தி ‘பீஸத்’ என்றால் சிறுநீர் கழிப்பது. பரிசுத்தவான்கள் வேதத்தை எழுதினார்கள் என்று சொல்ல வந்தவர் இங்கே தவறினால் அன்றைய பாடம் சிரிப்பில் முடியும். புதுச் சொல்லை நோட்டில் எழுதும்போதே அழுத்தக்குறி போட்டு எழுதுங்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு ரஷ்யனிலும் உண்டு: தி, வி. பெரியவர்களை ‘வி’ என்று சொல்லி, பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும். நீனா என்பவரின் அப்பா பியோதர் என்றால் அவர் நீனா பித்ரோவ்னா. முதல் சந்திப்பிலேயே முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடவுளிடம் மட்டும் ‘தி’. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘நீர்’ என்று ஜெபிக்கும் இடத்தில் ரஷ்யர்கள் நேரடியாக ‘நீ’ என்பார்கள். மரியாதை என்று எண்ணி ஜெபத்தில் ‘வி’ போட்டுவிடாதீர்கள், கேட்பவர் காதில் அது அந்நியரோடு பேசுவதுபோல ஒலிக்கும்.

விருந்தாளியாக

சபையாரே தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைகுலுக்கக் கூடாது, பொருள் கொடுக்கக் கூடாது. நம் பாட்டிமாரும் இதையேதான் சொல்வார்கள். உள்ளே வந்து, கையுறையைக் கழற்றி, அப்புறம் கைகொடுங்கள். செருப்பைக் கழற்றியதும் வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். பூ வாங்கிப் போனால் ஒற்றைப்படையில். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

அப்புறம் தேநீர். சபையின் ஞான வார்த்தை என்ற கட்டளைப்படி தேநீர், காபி, மது, புகையிலை கிடையாது. ரஷ்ய வீட்டிலோ தேநீர் இல்லாமல் வரவேற்பே கிடையாது. ஊற்றிய கோப்பையைத் தள்ளிவைப்பது முகத்தில் அறைவதுபோல. கெட்டில் அடுப்பில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: “நாங்கள் கறுப்புத் தேநீரும் பச்சைத் தேநீரும் குடிப்பதில்லை, கம்போத் இருந்தால் ஆசையாகக் குடிப்போம்.” கம்போத் என்பது பழத்தை வேகவைத்த பானம். இல்லை என்று முடிக்காமல் எதைக் குடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த அம்மா உடனே அலமாரியைத் திறந்து ரோஜாக்காய் வற்றலையோ புதினாவையோ எடுத்துவிடுவார். இவான் சாய் என்று பெயரில் சாய் இருந்தாலும் தேயிலைச் செடியே அல்ல, ஒரு காட்டுப்பூச் செடியின் இலை. மாறாக, டப்பாவில் பழப்படம் போட்ட ‘பழத் தேநீர்’ பலவும் வாசனை சேர்த்த கறுப்புத் தேயிலைதான். பின்பக்கத்தில் ‘ச்சோர்னி சாய்’ என்று இருக்கிறதா பாருங்கள். க்வாஸ் நொதித்த பானம், வேண்டாம். கேக்கில் கான்யாக் என்ற பிராந்தி ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வேறெதையும் மறுக்காதீர்கள், இரண்டாம் முறை போடும்போது தட்டை நீட்டுங்கள்.

பாடம்

ஒரு பாடம் 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பாடத்துக்கு ஒரே கருத்து. ஜெபம், போனமுறை படித்ததைப் பற்றிய ஒரு கேள்வி, கருத்து, அவரே உரக்க வாசிக்கும் ஒரு வசனம், அடுத்த சந்திப்புக்குள் செய்யும் ஒரு காரியம், தேதி, ஜெபம். பேச்சில் பாதிக்குமேல் அவருடையதாக இருக்க வேண்டும். புதியவர் செய்யும் பெரிய தவறு மௌனத்துக்குப் பயப்படுவது. கேள்வி கேட்டபின் ரஷ்யர் யோசிப்பார், பத்து விநாடி பொறுங்கள். அந்த இடத்தில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்கு அவர் வாயே திறக்க மாட்டார்.

வசனம் எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். ரஷ்யர் கையில் இருப்பது 1876-இல் முழுமையாக வெளிவந்த சினோத் பைபிள் மொழிபெயர்ப்பு. அதில் சங்கீத எண் நம்முடையதைவிடப் பெரும்பாலும் ஒன்று குறையும்: “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” நமக்கு 23, அவர்களுக்கு 22. யாக்கோபு நிருபமோ எபிரெயருக்குப் பின்னால் இருக்காது, அப்போஸ்தலர் நடபடிகளை அடுத்தே வரும். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1820-இல் ஜெபிக்கப் போனதற்குக் காரணமான யாக்கோபு 1:5-ஐத் தேடி இருவருமாகப் பக்கம் புரட்டினால் கதையின் சூடு ஆறிவிடும். நாடாவை முன்பே வைத்துக்கொண்டு போங்கள். பைபிளோடு சபை வேதமாகக் கொள்ளும் மார்மன் புத்தகம் 1981 முதல் ரஷ்யனில் உண்டு. முதல் வாசிப்பாக அதிலிருந்து 3 நேபி 11, பின் மரோனி 10:3-5 கொடுங்கள். புத்தகத்தைக் கையில் திணித்து அனுப்பாமல் முதல் ஐந்து வசனத்தைச் சேர்ந்து வாசித்து அனுப்புங்கள். இரண்டு நாளில் போன் செய்து, படித்தீர்களா என்று கேட்காமல், எந்த இடம் புரியவில்லை என்று கேளுங்கள்.

“நான் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவள்” என்பது நிச்சயம் வரும். ஆர்த்தடாக்ஸ் குழந்தை ஞானஸ்நானத்தைச் சொல்கிறார். அது பெரும்பாலும் பாட்டியின் அன்பு. சோவியத் காலத்தில் பலர் குழந்தையை ரகசியமாக எடுத்துப் போய்ச் செய்தார்கள். அதைப் பொய் என்று தொடங்கினால் அங்கேயே கதவு மூடிவிடும். யார் கொண்டுபோனார்கள், அவர் எப்படி ஜெபிப்பார் என்று கேளுங்கள். ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் இழக்கப்பட்டது, திரும்பக் கொடுக்கப்பட்டது என்ற சபையின் போதனையை அதன்பின் சொல்லுங்கள், மறைக்காமல், ஆனால் அவருடைய ஐகான்களை, அதாவது புனிதப் படங்களை, குறை சொல்லாமல். “நீங்கள் செக்த்தாவா?” என்று கேட்டால், அதாவது மூளைச்சலவைக் கூட்டமா என்று சந்தேகப்பட்டால், சபையின் முழுப்பெயரைச் சொல்லி, ஞாயிறு ஆராதனையில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதையும் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பாடமும் வேண்டாம்.

ஞானஸ்நானம்

தேதி குறிக்கும் முன் அவர் ஆராதனைக்குப் பலமுறை வந்திருக்க வேண்டும், ஞான வார்த்தையையும் கற்பொழுக்கத்தையும் கைக்கொள்ள வேண்டும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகத்தை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், நேர்காணல் முடிந்திருக்க வேண்டும். சிகரெட்டை விடுகிறவருக்குத் தினமும் ஒரு போன் தேவைப்படும். திருமணமில்லாமல் சேர்ந்து வாழும் ஜோடி அந்த ஊரில் ஏராளம். அவர்கள் முதலில் பதிவுத் திருமணம் செய்ய வேண்டும், ஸாக்ஸ் அலுவலகத்தில் மனுக் கொடுத்தபின் பொதுவாக ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இதைக் கடைசிப் பாடத்தில் சொன்னால் குறித்த தேதி தள்ளிப்போகும், மனமும் தளரும். இரண்டாவது வாரத்திலேயே மென்மையாகப் பேசிவிடுங்கள்.

முழுகு ஞானஸ்நானம் என்பதால் தொட்டி இடுப்பளவு நிரம்ப வேண்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். காலையிலேயே திறந்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். கட்டடத்தில் தனி பாய்லர் இல்லையென்றால் வெந்நீர் நிறுத்தத் தேதியை அந்த வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளை உடையின் அளவை முந்தின ஞாயிறே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணி மெல்லியதாக இருந்தால் உள்ளேயும் வெள்ளை வேண்டும். இரண்டு சாட்சிகள் தொட்டியருகே நின்று தலைமுடியும் பாதமும் முழுகியதா என்று பார்ப்பார்கள். ஒரு விரல் மேலே தெரிந்தாலும் மறுபடி முழுக்க வேண்டும். பாதம் எழும்புவது சகஜம், முழங்காலை மடக்கச் சொன்னால் எழும்பாது. குளிர்காலம் என்றால் முடி உலர்த்தியும் இரண்டு பெரிய துண்டும் எடுத்து வையுங்கள். ஈரத்தலையோடு அவரை வெளியே விட்டால் சபைப் பாட்டிமார் உங்களைச் சும்மா விட மாட்டார்கள்.