கோழி ஆகாத நாய்க்குத் தீனிப் பை வாங்குவது எப்படி?

பையின் முன்பக்கத்தில் ஆட்டுக்குட்டி படம். கொட்டை எழுத்தில் 'லாம்ப் அண்ட் ரைஸ்'. அதை நம்பி ஐந்து வாரம் எங்கள் மணிக்குப் போட்டேன். அவன் கால்விரல் இடுக்கை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்வது நிற்கவே இல்லை. ஒருநாள் எரிச்சலில் பையைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி, மக்காச்சோளம், ஆட்டிறைச்சித் தூள் 4 சதவீதம், கோழிக் கொழுப்பு என்று போய், கடைசிக்குச் சற்று முன்னால் 'ஹைட்ரோலைஸ்டு சிக்கன் லிவர்', அதாவது புரதத்தை உடைத்த கோழி ஈரல், என்று இருந்தது. கோழியைத்தான் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

மணி நாட்டு நாய், வயது ஆறு. எங்கள் வீடு பாபநாசத்தில், குடமுருட்டிக் கரைப் பக்கம். குட்டியிலிருந்தே அவனுக்குக் காலையில் தயிர் சாதம், ராத்திரி கோழிக்கால் போட்டு வேகவைத்த நொய்க்கஞ்சி. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனபோது உண்ணி, சொறி எல்லாம் பார்த்துவிட்டு, உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார்கள். இதுவரை தின்னாத ஒரு இறைச்சி, ஒரு கிழங்கு, எட்டு வாரம், வீட்டிலேயே சமைத்து, வேறு எதுவும் வாயில் படக்கூடாது என்பது உத்தரவு. நான் சோம்பேறித்தனமாகப் பை வாங்கினேன். அந்தக் கதைதான் மேலே.

பிறகு ஒழுங்காக ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் எட்டு வாரம் கொடுத்தோம். புண் ஆறியது. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்ததில் கோழி வைத்த நான்காம் நாள் அரிப்பு வந்துவிட்டது. தயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வருடக்கணக்கில் கறியும் கிழங்கும் மட்டும் போட்டால் கால்சியம் போன்றவை போதாது என்பதால் கோழி இல்லாத பை தேட ஆரம்பித்தேன். அதில் நான் கற்றுக்கொண்ட முறை இது.

படி 1: சீட்டில் எழுதி வாங்குங்கள்

எது ஆகாது என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது ஞாபகம் குழம்பும்.

படி 2: லூஸில் வாங்காதீர்கள்

நம்மூர்க் கடைகளில் 20 கிலோ சாக்கைப் பிரித்து, கால் கிலோ அரைக் கிலோவாகப் பாலிதீன் கவரில் கட்டித் தருவார்கள். ஆரோக்கியமான நாய்க்குப் பரவாயில்லை. நோய் உள்ள நாய்க்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். லேபிள் கிடையாது, பேட்ச் எண் கிடையாது, ஒரே கரண்டி எல்லாச் சாக்கிலும் போய்வரும். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்பார் கடைக்காரர். சிரித்துவிட்டு மூட்டை பிரிக்காத பையைக் கேளுங்கள், ஒரு கிலோவாக இருந்தாலும் சரி.

படி 3: பின்பக்கத்தைப் படம் எடுங்கள்

எழுத்து எறும்பு அளவில்தான் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். லேபிளை ஸ்கேன் செய்து நட்சத்திரம் போடும் ஆப்களை நான் நம்புவதில்லை. அவற்றுக்கு மணியைத் தெரியாது. எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

இறக்குமதிப் பையில் ஒரு தொல்லை உண்டு. இறக்குமதியாளர் முகவரி, விலை போட்ட ஸ்டிக்கரைச் சரியாக மூலப்பொருள் பட்டியலின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். வாங்கிய பிறகு ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டினால் உரிந்துவரும். வாங்கும் முன் என்றால் அதே பையின் படத்தைத் தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் பாருங்கள், ஆனால் வேறு நாட்டுக்கான பையாக இருந்தால் பட்டியலும் மாறலாம்.

படி 4: பட்டியலைப் படிப்பது (நான் விழுந்த இடம்)

பட்டியல் எடை வரிசையில் இருக்கும். அதிகம் சேர்த்தது முதலில். ஆனால் அந்த எடை தண்ணீரோடு சேர்ந்தது. 'ஃப்ரெஷ் லாம்ப்' முதலில் இருந்தால் மயங்காதீர்கள். பச்சைக் கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். காய்ந்த பிறகு அது கீழே இறங்கிவிடும். 'மீல்' என்று இருப்பது கொழுப்பு உருக்கி, உலர்த்தி, அரைத்த தூள். மக்காச்சோளம், மக்காச்சோளக் குளூட்டன், மக்காச்சோளத் தவிடு என்று ஒன்றையே மூன்றாக உடைத்துக் காட்டினால் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், கறியைத் தாண்டிவிடும்.

ஒவ்வாமைக்காரர்களுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். நமக்கு அளவு முக்கியமில்லை, பெயர்தான் முக்கியம். மூன்று வகைப் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

முதலாவது, கூட்டுப் பெயர்கள்: 'பவுல்ட்ரி மீல்', 'மீட் அண்ட் அனிமல் டெரிவேடிவ்ஸ்', 'அனிமல் ஃபேட்'. பவுல்ட்ரி என்றால் பெரும்பாலும் கோழி. அனிமல் என்றால் எந்த விலங்கும். பெயர் சொல்லாத விலங்கைக் கோழி என்றே வைத்துக்கொண்டு பையை வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, சுவைப்பூச்சு. உருண்டைகளை நாய் விரும்பித் தின்ன வேண்டும் என்று வெளியே ஒரு பூச்சு அடிப்பார்கள். 'டைஜஸ்ட்', 'பேலட்டன்ட்', 'நேச்சுரல் ஃபிளேவர்' என்றெல்லாம் அதற்குப் பெயர். பெரும்பாலும் கோழி ஈரலிலிருந்து செய்வது. பட்டியலின் வாலில் இருப்பதால் யாரும் அதுவரை படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

மூன்றாவது, முட்டை. கோழி ஆகாத நாய் சிலவற்றுக்கு முட்டையும் ஆகாது, சிலவற்றுக்கு ஆகும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பக்கப் பெயரை ஏன் நம்பக் கூடாது என்றால், அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த மாதிரி விதிப்படி 'வித் லாம்ப்' என்று போட 3 சதவீதம் ஆடு இருந்தால் போதும். 'லாம்ப் ஃபிளேவர்' என்றால் சதவீதக் கணக்கே இல்லை, ருசி தெரிந்தால் போதும்.

படி 5: கம்பெனிக்கு எழுதுங்கள்

2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி நுகர்வோர் புகாருக்கான தொடர்பு விவரம் பையில் இருந்தாக வேண்டும். போன் செய்யாதீர்கள், எழுதிக் கேளுங்கள். பதில் கையில் இருக்கும். நான் கேட்பது இவ்வளவுதான்: "பேட்ச் எண் இது. இதில் கோழி, கோழிக் கொழுப்பு, கோழியிலிருந்து எடுத்த சுவையூட்டி ஏதாவது உண்டா? அனிமல் ஃபேட் எந்த விலங்கு? இதே இயந்திரத்தில் கோழி சேர்த்த தீனியும் தயாராகிறதா?" ஒரு இடத்திலிருந்து 'தொழில் ரகசியம்' என்று பதில் வந்தது. அந்தப் பெயரை நோட்டில் அடித்துவிட்டேன். இன்னொரு இடத்தில் மறுநாளே முழுப் பட்டியலும் அனுப்பினார்கள். இப்போது மணி தின்பது அதுதான், மீன் பை.

படி 6: ஒவ்வொரு பையையும் புதிதாகப் படியுங்கள்

பை அதே நிறம், அதே படம், உள்ளே பட்டியல் மட்டும் மாறியிருக்கும். பேட்ச் எண்ணோடு படத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஐப்பசி அடைமழையில் பிரித்த பை பூசணம் பிடிக்கும். வேறு டப்பாவில் கொட்டாமல், பையோடு எவர்சில்வர் டின்னில் இறக்கி மூடுங்கள். லேபிளும் கூடவே இருக்கும்.

பின்சேர்க்கை 1: பையை மாற்றியும் அரிப்பு போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் வீட்டில் மெல்லும் பூச்சி மாத்திரை. அதிலும் சுவையூட்டி உண்டு. இன்னொருவர் வீட்டில் அமாவாசைக்குக் காக்கைக்கு வைத்த சோறு, வடையோடு. காக்கைக்கு முந்திக்கொண்டது நாய். எங்கள் வீட்டில் அம்மா ரகசியமாக முட்டை பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இன்னொரு விஷயம்: கடைப் பைகள் சிலவற்றைச் சோதித்த ஆய்வுகளில் லேபிளில் இல்லாத இறைச்சியின் தடயமும் கிடைத்திருக்கிறது. அதனால் அந்த எட்டு வாரப் பரிசோதனைக்குச் சாதாரணப் பை வேண்டாம். வீட்டுச் சமையல் அல்லது டாக்டர் எழுதித் தரும் தீனி.

பின்சேர்க்கை 2: மன்னார்குடியிலிருந்து ஒருவர், தன் நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு, ஈர உணவு டப்பாவில் புரதம் 9 சதவீதம்தானே, உலர் தீனியில் 26 இருக்கிறதே, டப்பா நல்லதுதானே என்று கேட்டார். இல்லை. தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். உலர் தீனியில் ஈரம் 10 என்றால் மீதி 90. 26ஐ 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் சுமார் 29. டப்பாவில் ஈரம் 82 என்றால் மீதி 18. 9ஐ 18ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 50. டப்பாதான் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு.

சிறுநீரகக் கோளாறுக்குப் புரதத்தைக் குறைப்பதைவிடப் பாஸ்பரஸைக் குறைப்பது முக்கியம். அது பல பைகளில் அச்சிடப்படுவதே இல்லை. 'குரூட் ஆஷ்' என்ற எண் எல்லாத் தாதுக்களும் சேர்ந்தது, அதை வைத்துப் பாஸ்பரஸைச் சொல்ல முடியாது. படி 5 கடிதத்தில் 'பாஸ்பரஸ் எத்தனை சதவீதம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 'பாஸ்பேட்', 'பாஸ்பாரிக் ஆசிட்' என்று தனியாகத் தெரிந்தால் அந்தப் பை வேண்டாம். அப்படிச் சேர்த்தது உடம்பில் சீக்கிரம் ஏறும். அவருக்கு நாகப்பட்டினத்துக் கருவாட்டைப் பொடித்துத் தூவும் பழக்கமும் இருந்தது. உப்பும் பாஸ்பரஸும் ஒன்றாக. நிறுத்தச் சொன்னேன், நாய் இரண்டு நாள் தட்டைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்ததாம்.