பழைய பாணி முடிதிருத்தகத்தில் முடி வெட்டிக்கொள்வது எப்படி

முன்பதிவும் டோக்கனும் இல்லாத சிறிய முடிதிருத்தகத்தில் வரிசை என்பது காத்திருப்பவர்களின் நினைவில்தான் இருக்கிறது. ஆகவே உள்ளே நுழைந்ததும், கடைசியாக வந்தவர் யார் என்று கேட்டு அவருடைய முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் தடவாமல், வழக்கமாக வாரும் விதத்திலேயே வாரிக்கொண்டு போவது நல்லது. வகிடு எந்தப் பக்கம், முடி எப்படிப் படிகிறது என்பதை முடிதிருத்துநர் நாம் சொல்லாமலே அதிலிருந்து தெரிந்துகொள்வார்.

முடிவெட்டு கெடுவதற்குக் கத்தரியைவிட, வெட்டத் தொடங்குமுன் நாம் சொல்லும் சொற்களே பெரும்பாலும் காரணம். ‘கொஞ்சமாக வெட்டுங்கள்’ என்பது கொஞ்சமாக எடுக்கச் சொல்கிறதா, கொஞ்சமாக விடச் சொல்கிறதா என்பது கேட்பவருக்குத் தெளிவாவதில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், கடைசியாக வெட்டி எத்தனை வாரம் ஆயிற்று என்று சொன்னாலே எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அனுபவசாலிக்குப் புரிந்துவிடும். உச்சியில் எத்தனை விரல் அளவு இருக்க வேண்டும், பக்கங்களில் கத்தரியா மெஷினா, கிருதா எதுவரை, பிடரியில் நேர்க்கோடா படிப்படியாகக் குறையும் வெட்டா என்ற நான்கையும் தனித்தனியே சொல்லிவிடலாம். மெஷின் என்றால் அதில் மாட்டும் சீப்பின் எண்ணையும் சொல்ல வேண்டும்: பெரும்பாலானவற்றில் 1 என்பது சுமார் 3 மி.மீ., 2 என்பது 6 மி.மீ., 4 என்பது 13 மி.மீ. முடியை விட்டுவைக்கும். ஐயமிருந்தால் பெரிய எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். புகைப்படம் காட்டுவதில் தவறில்லை. ஆனால் படத்திலிருப்பவரின் முடி நம் முடியைப் போன்றே அடர்த்தியாகவோ சுருட்டையாகவோ இல்லையென்றால், அதனால் ஏமாற்றமே மிஞ்சும்.

சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு தெரிந்து, காய்ந்ததும் மேலேறிவிடும் என்பதால், தண்ணீர் தெளித்து வெட்டும்போது ஒரு விரல் அளவு கூடுதலாகவே விடச் சொல்வது பாதுகாப்பானது. உச்சந்தலைச் சுழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும். அந்த இடத்தில் அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிக்கொடுத்துவிட வேண்டும். தலையை முடிதிருத்துநர் சாய்த்த நிலையிலேயே வைத்திருங்கள். பேச்சுக்குப் பதில் சொல்லலாம், ஆனால் தலையாட்டிப் பதில் சொல்லக் கூடாது.

கிருதாவையும் பிடரியையும் சவரக்கத்தியால் ஒழுங்குசெய்யுமுன் பிளேடை நம் கண்முன்னே மாற்றச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்; மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகை வைரஸ்கள் பிறர் இரத்தம் பட்ட பிளேடு வழியே பரவக்கூடும். பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தலையைப் பிடித்துவிடுவது சுகமானதுதான், ஆனால் கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கெடுக்க ஒருபோதும் இசையாதீர்கள். அதனால் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

முடிவில் அவர் பின்புறம் கைக்கண்ணாடியைப் பிடிக்கும்போது, பலர் பார்க்காமலே ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுந்துவிடுகிறார்கள். கிருதா இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, காதுக்குப் பின்னால் முடி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, போர்த்திய துணியை எடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள். தலை குளித்த பிறகுதான் குறை தெரிந்தது என்றால், மறுநாள் போய்க் காட்டலாம். இரண்டு நிமிட வேலையை முகம் சுளிக்காமல் செய்துகொடுப்பவர்களே மிகுதி.